வெள்ளி சுமந்த கோவேறு கழுதைகள்: ஒரு பழைய தேர்தலும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும்

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன்.)

2025 மே 8 அன்று சிஸ்டைன் சிற்றாலயத்தின் புகைபோக்கியிலிருந்து வெண்புகை எழுந்தது. 133 கர்தினால்கள் கூடிப் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுள் நால்வர் இந்தியர். அந்நாள் முதல் ஒரு பழங்கதை சமூக ஊடகங்களில் மீண்டும் மீண்டும் வலம் வருகிறது. 1492-இல் ரோட்ரிகோ போர்ஜா என்ற ஸ்பானியக் கர்தினால் நான்கு கோவேறு கழுதைகளில் வெள்ளியை ஏற்றித் தம் போட்டியாளரின் வீட்டுக்கு அனுப்பினார். மறுகணமே ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயருடன் திருத்தந்தையானார் என்பதே அக்கதை. சிலர் இதைச் சமயத்தின் மீது எறியும் கல்லாகப் பயன்படுத்துகிறார்கள். சிலர் ஒரு தனிமனிதரின் இழிவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். இரு சாராரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பது என் கருத்து. வாக்குக்கு விலை ஏற்படுவது எதனால், அவ்விலையை இல்லாமற் செய்வது எவ்வாறு என்பதே அக்கேள்வி. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்காலம் ரோம் இதற்கு விடை தேடியது. அத்தேடலின் வரலாறு கழுதைக் கதையைவிட நமக்குப் பயன் தருவது.

முதலில் அக்கதையின் மூலத்தைப் பார்ப்போம். அது ஸ்தெஃபானோ இன்ஃபெசூரா என்ற ரோமானியரின் நாட்குறிப்பில் உள்ளது. அவர் கொலோன்னா குடும்பத்தின் சார்பாளர். திருத்தந்தையரின் ஆட்சியை மனமார வெறுத்தவர். கர்தினால்கள் அடைபட்டிருந்த அறைகளுக்குள் அவர் இருந்தவரும் அல்லர். தெருவில் பேசப்பட்டதை அவர் எழுதி வைத்தார். வெள்ளியைப் பெற்றதாகச் சொல்லப்படும் அஸ்கானியோ ஸ்ஃபோர்சாவோ மிலானை ஆண்ட லுதொவீகோவின் உடன்பிறந்தார், கர்தினால்களுள் பெருஞ்செல்வர். அத்தகையவரை நான்கு சுமை வெள்ளி அசைத்திருக்கும் என்பது ஐயத்துக்குரியது. மேலும், 1492 ஆகஸ்ட் 6 முதல் 11 வரை நடந்த அத்தேர்தலில் 23 பேர் பங்கேற்றனர். மூன்றில் இரு பங்குக்கு 16 வாக்குகள் தேவை. தொடக்கச் சுற்றுகளில் முன்னிலை வகித்தவர் நேப்பிள்ஸின் ஒலிவியேரோ கராஃபாவே ஒழிய போர்ஜா அல்லர். ஒரே இரவில் ஒரே வீட்டுக்குப் போன ஒரு சுமையால் முடியக்கூடிய கணக்காக அது இருக்கவில்லை.

அவ்வாறாயின் போர்ஜா தூயவரா என்று கேட்பீர்கள். இல்லை. அவர் கொடுத்தது வெள்ளியைவிட மதிப்பு மிக்கது. அதைக் கொடுக்கச் சட்டமே அவருக்கு வழி திறந்து வைத்திருந்தது.

ஒரு கர்தினால் திருத்தந்தையாகும் கணத்தில் அதுவரை அவர் வகித்த பதவிகள் யாவும் காலியாகின்றன. ஆயர்பீடங்கள், மடங்களின் வருவாய்கள், தலைமைச் செயலகப் பொறுப்புகள் அனைத்தையும் அவர் பிறருக்குப் பிரித்தளித்தே ஆக வேண்டும். எனவே அதிகமான பதவிகளைக் குவித்து வைத்திருப்பவரிடமே, தேர்தலன்று பகிர்ந்தளிக்க அதிகமான செல்வம் இருக்கும். போர்ஜா 1457 முதல் 1492 வரை, ஐந்து திருத்தந்தையரின் கீழ், திருச்சபைச் செயலகத்தின் துணைத் தலைவராக இருந்தவர். திருத்தந்தையின் ஆணைகள் அனைத்தும் அச்செயலகத்தின் வழியே வெளியேறின. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட சில வாரங்களுக்குள் அப்பதவியும் அவருடைய மாளிகையும் அஸ்கானியோ ஸ்ஃபோர்சாவைச் சென்றடைந்தன. சுபியாக்கோ மடத்தின் வருவாய் கொலோன்னாவுக்குப் போனது. ஓர்சினி, சவெல்லி குடும்பத்துக் கர்தினால்களுக்கும் ஊர்களும் கோட்டைகளும் கிடைத்தன. வலென்சியப் பேராயர் பதவி அவருடைய பதின்வயது மகன் செசாரேயிடம் சேர்ந்தது.

இவற்றுள் எதைக் கையூட்டு என்பது, எதை முறையான நியமனம் என்பது? காலியான பதவியை நிரப்புவது திருத்தந்தையின் கடமை. வாக்களித்தவருக்கே அது போய்ச் சேர்ந்தது என்பதுதான் குற்றம். அக்குற்றத்தை மெய்ப்பிக்க எந்த ஆவணமும் தேவைப்படாது; எந்த ஆவணமும் போதவும் போதாது. ஊழல் ஓர் அமைப்பின் இயல்பான செயற்பாட்டுக்குள்ளேயே உறையும்போது அது இப்படித்தான் இருக்கும். கழுதைகளைத் தேடுகிறவர் இதைக் காண மாட்டார்.

இந்தச் சந்தையைப் போர்ஜா உருவாக்கவில்லை. அதில் அவர் பயின்றார். 1458-ஆம் ஆண்டுத் தேர்தல் அதற்குச் சான்று. அத்தேர்தலைப் பற்றி நமக்கு எழுதிச் சென்றவர் அதில் வென்றவரே: ஏனேயா சில்வியோ பிக்கொலோமினி என்ற இரண்டாம் பயஸ். தம் வரலாற்றைத் தாமே படர்க்கையில் எழுதிய அந்நூலில், எதிரணித் தலைவரான பிரெஞ்சுக் கர்தினால் எஸ்தூத்வில்லின் ஆதரவாளர்கள் கழிப்பிடத்தில் கூடி ரகசியமாகத் திட்டம் தீட்டியதையும், யார் யாருக்கு எந்தப் பதவி என்று வாக்களிக்கப்பட்டதையும் அவர் விரிவாகச் சொல்கிறார். இருபத்தேழு வயதான போர்ஜாவுக்குத் துணைத் தலைவர் பதவி நீடிக்கும் என்று எஸ்தூத்வில் எழுத்திலேயே உறுதியளித்திருந்தாராம். அதே பதவி அவிஞ்ஞோன் கர்தினாலுக்கும் வாக்களிக்கப்பட்டுள்ளதே, இருவரில் யாருக்கு அது கிடைக்கும் என்று எண்ணுகிறாய் என்று பிக்கொலோமினி அவ்விளைஞரைக் கேட்டார்.

மறுநாள் வாக்குகள் எண்ணப்பட்டபோது பிக்கொலோமினிக்கு ஒன்பது, எஸ்தூத்வில்லுக்கு ஆறு. அன்றிருந்த 18 பேரில் 12 பேரின் ஆதரவு வேண்டும். அக்கால வழக்கப்படி, எவரும் எழுந்து நின்று தம் வாக்கை வாய்மொழியாக மாற்றிக்கொள்ளலாம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. முதலில் எழுந்தவர் போர்ஜா. அவர் பிக்கொலோமினியின் பக்கம் சேர்ந்தார். இறுதி வாக்கைத் தர ப்ரோஸ்பெரோ கொலோன்னா எழுந்தபோது, பெஸ்ஸாரியோனும் எஸ்தூத்வில்லும் அவரைப் பற்றி இழுத்து அறையிலிருந்து வெளியேற்ற முயன்றார்கள். அவர்களுள் பெஸ்ஸாரியோன் அக்காலத்தின் மாபெரும் அறிஞர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இது வென்றவரின் கூற்று. தம் தரப்பின் பேரங்களை அவர் எழுதவில்லை. ஆயினும் ஒன்று மட்டும் வரலாற்றில் உறுதி. புதிய திருத்தந்தையின் கீழும் போர்ஜா தம் பதவியில் நீடித்தார். 1584-இல் இந்நூல் ரோமில் அச்சேறியபோது, ஆசிரியராகத் திருத்தந்தையின் பெயர் குறிக்கப்படவில்லை. படியெடுத்த எழுத்தர் ஒருவரின் பெயரே குறிக்கப்பட்டது. சங்கடமான பகுதிகள் பல நீக்கப்பட்டன. நடந்ததைவிட நடந்ததை எழுதியதே அதிக அச்சத்தைத் தந்தது போலும்.

இந்நோய்க்கு ரோம் மூன்று மருந்துகளை அடுத்தடுத்துப் பரிசோதித்தது.

முதல் மருந்து வாக்குறுதி. தேர்தலுக்கு முன்பே கர்தினால்கள் ஓர் உடன்படிக்கையை எழுதி, வெல்பவர் எவராயினும் அதற்குக் கட்டுப்படுவார் என்று அனைவரும் சூளுரைத்துக் கையொப்பமிட்டார்கள். 1352-இல் அவிஞ்ஞோனில் இது தொடங்கியது. அவ்வாண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறாம் இன்னொசென்ட் அடுத்த ஆண்டே அதைச் செல்லாது என அறிவித்தார். 1464-இல் இரண்டாம் பவுல் கையொப்பமிட்ட உடன்படிக்கையில் கர்தினால்களின் எண்ணிக்கை 24-ஐத் தாண்டக்கூடாது, மூன்றாண்டுகளுக்குள் பொதுச்சங்கம் கூட்டப்பட வேண்டும் என்பன போன்ற விதிகள் இருந்தன. பதவியேற்றபின் அவர் தாமே திருத்திய வேறோர் ஆவணத்தைக் கொண்டுவந்து அதில் கர்தினால்களைக் கையொப்பமிடச் செய்தார். காரணம் எளியது. திருத்தந்தைக்கு மேல் மண்ணுலகில் நடுவர் எவரும் இல்லை. எவராலும் நிறைவேற்றச் சொல்ல இயலாத வாக்குறுதிக்கு, அதை எழுதிய தாளின் மதிப்பு மட்டுமே உண்டு. 1458-இல் அந்த இளைஞருக்குச் சொல்லப்பட்ட அதே பாடம்.

இரண்டாம் மருந்து அச்சம். இதைக் கொண்டுவந்தவர் யார் என்பதே சுவையான செய்தி. 1503-இல் அலெக்சாண்டர் இறந்தார். அவரையடுத்து வந்த மூன்றாம் பயஸ் 26 நாட்களில் மறைந்தார். பின்னர் ஜூலியானோ தெல்லா ரொவேரே ஒரே நாளில் தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டாம் ஜூலியஸ் ஆனார். ஸ்பானியக் கர்தினால்களின் வாக்குகளைப் பெற்றுத் தந்தால் படைத்தலைமை நீடிக்கும் என்று அவர் செசாரே போர்ஜாவுக்கு உறுதி தந்திருந்தார். வாக்குகள் வந்தன, உறுதி காற்றில் போனது. செசாரே சிறைப்பட்டார். ஃபிளாரன்ஸின் தூதராக அன்று ரோமில் இருந்த மாக்கியவெல்லி, இத்தேர்தலை நம்பியதே செசாரே செய்த பிழை என்று பின்னர் ‘இளவரசன்’ நூலில் தீர்ப்பு எழுதினார்.

இவ்வாறு வென்ற ஜூலியஸே, விலைக்கு வாங்கப்பட்ட திருத்தந்தைத் தேர்தல் செல்லாது என்று ஆணை பிறப்பித்தார். முடிசூட்டு விழாவோ, காலம் கடந்ததோ, கர்தினால்களின் வணக்கமோ அதைச் செல்லுபடியாக்காது என்றது அவ்வாணை. அது 1513 பிப்ரவரி 16 அன்று ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. அடுத்த சில நாட்களில் அவர் இறந்தார். சட்டம் கடுமையானது, எண்ணமும் நல்லதே. ஆயினும் இச்சட்டத்தின் பேரில் எந்தத் திருத்தந்தையும் ஒருபோதும் பதவி இழக்கவில்லை. தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளிப்பவர் யார் என்ற கேள்விக்கு அதனிடம் நடைமுறையில் விடை இல்லை.

விடை தர முயன்றவை படைகளே. 1494-இல் இதே ஜூலியானோ, அலெக்சாண்டரை அஞ்சி பிரான்சுக்கு ஓடினார். பதவியை விலைக்கு வாங்கியவரைப் பொதுச்சங்கம் கூட்டி நீக்க வேண்டும் என்று எட்டாம் சார்லஸ் மன்னரைத் தூண்டினார். மன்னரின் படை அவ்வாண்டின் கடைசி நாளில் ரோமுக்குள் நுழைந்தது. அலெக்சாண்டர் பதவியிழக்கவில்லை, இத்தாலிதான் பல்லாண்டுப் போர்க்களமாயிற்று. செல்லாது என்ற வாள் யார் கையிலும் சிக்கும் என்பதைத் திருச்சபை மறக்கவில்லை. 1904-இல் பத்தாம் பயஸ் அந்தச் செல்லாமையை நீக்கினார். 1996-இல் இரண்டாம் யோவான் பவுல் பிறப்பித்த, இன்றும் அடிப்படையாக உள்ள விதிமுறையும் அதையே சொல்கிறது: வாக்கை விற்றவரும் வாங்கியவரும் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர், ஆனால் தேர்தல் செல்லும். படிக்கும்போது மனம் ஒப்பாத விதிதான். ஆனால் அதன் பின்னால் நானூறு ஆண்டுப் பட்டறிவு இருக்கிறது.

மூன்றாம் மருந்தே பயன் தந்தது. அது நல்லொழுக்க உபதேசமும் அன்று, தண்டனையும் அன்று. மடித்து முத்திரையிட்ட ஒரு சிறு தாள்.

1458-இல் வாக்குச்சீட்டில் வாக்களிப்பவரின் பெயரும் இருந்தது. அது வாய்விட்டுப் படிக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில், ஒரு குழுவினர் ஒருவர் முன் திடீரென மண்டியிட்டு அவரே திருத்தந்தை என்று முழங்கி, தயங்கி நின்றோரையும் தம்முடன் இழுத்துக்கொள்ளும் முறையும் பரவியிருந்தது. வெளியே வங்கிகளின் தெருவில் யார் வெல்வார் என்று பந்தயம் கட்டினார்கள். 1591-இல் பதினான்காம் கிரகோரி அதைத் தடைசெய்ய நேர்ந்தது. இந்தச் சூழலில் ஒவ்வொரு வாக்கும் பிறர் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்த வாக்கைத்தான் விற்க முடியும். பொருள் கைமாறியதை வாங்குபவர் சரிபார்க்க இயலாத இடத்தில் சந்தை நடக்காது. 1621-இல் பதினைந்தாம் கிரகோரி எழுத்து வடிவிலான மறைவாக்கைக் கட்டாயமாக்கினார். தமக்குத் தாமே வாக்களிப்பதையும் தடுத்தார். இதன்பின் அணிகள் மறைந்துவிடவில்லை. அரசர்களின் தலையீடும் ஓயவில்லை; 1903 வரையிலும் ஆஸ்திரியப் பேரரசர் ஒருவரை வேண்டாமென்று தடுக்க முடிந்தது. ஆனால் 1492-இல் நடந்ததைப் போன்ற வெளிப்படையான பதவிப் பங்கீடு அதன் அடித்தளத்தை இழந்தது. யார் உண்மையில் வாக்களித்தார் என்பதே தெரியாதபோது யாருக்கு மடத்தைக் கொடுப்பது?

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் என்று எண்ண வேண்டா. 1492-இல் வாக்களித்த 23 பேரும் அறியாத கரைகளை அத்தேர்தல் தொட்டது. அடுத்த ஆண்டே அலெக்சாண்டர் அட்லாண்டிக் கடலில் ஒரு கோட்டை வரைந்து, அதற்கு மேற்கே உள்ள நிலங்களை ஸ்பெயினுக்கு வழங்கினார். 1494-இல் தொர்தெசியாஸ் உடன்படிக்கையில் அக்கோடு நகர்ந்து, கிழக்குப் பாதை போர்ச்சுக்கலுக்கு உறுதியானது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். போர்ச்சுக்கல்லின் உரிமைக்கு வேர் அதற்கும் முந்தியது. 1455-இல் ஐந்தாம் நிக்கோலாஸும், 1456-இல் ரோட்ரிகோவின் தாய்மாமனான மூன்றாம் கலிக்ஸ்துவும் பிறப்பித்த ஆணைகளே அவை. மலபாரிலும் முத்துக்குளித்துறையிலும் வாழ்ந்தவர்கள் எவரிடமும் எவரும் வாக்குக் கேட்கவில்லை. அடைத்த அறைக்குள் நடக்கும் பேரத்தின் விலையைப் பெரும்பாலும் அறைக்கு வெளியே இருப்பவர்களே செலுத்துகிறார்கள்.

இனி நம் குடியரசுக்கு வருகிறேன். மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்குகளை விற்கிறார்கள் என்ற புகார் எழுந்தபோது, நாம் ரோமுக்கு நேரெதிரான மருந்தைத் தேர்ந்தோம். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி உறுப்பினர் தம் வாக்குச்சீட்டைத் தம் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். 2006-இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ஊழலைத் தடுக்க மறைவைவிட வெளிப்படைத்தன்மையே உதவும் என்பது அதன் காரணம்.

இதற்கு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கர்தினால் எவருக்கும் பிரதிநிதி அல்லர். சட்டமன்ற உறுப்பினரோ மக்களின் பிரதிநிதி. தம் பிரதிநிதி எவ்வாறு வாக்களித்தார் என்று அறிய மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அச்சீட்டு யாருக்குக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். மக்களுக்கு அன்று, கட்சி முகவருக்கு. பிறருக்குக் காட்டினால் அவ்வாக்கே செல்லாது. 2017-இல் குஜராத்தில் அவ்வாறு இரண்டு வாக்குகள் நீக்கப்பட்டன. அதாவது, பரிசளிக்கவும் தண்டிக்கவும் வல்லவரின் கண்ணுக்கு மட்டும் வாக்கு தெரிகிறது. வெளியாரிடம் விற்பதை இம்முறை கடினமாக்கியிருக்கலாம். ஆனால் 1458-இன் அறையை அது வேறு வடிவில் மீட்டெடுத்திருக்கிறது. பதவி தருபவரின் கண்முன் வாக்களிக்கும் மனிதர் எவ்வளவு சுதந்திரமானவர்?

தண்டனையைப் பொறுத்தவரை நாம் ஒரு படி முன்னேறியிருக்கிறோம். 1998-இல் நரசிம்ம ராவ் வழக்கில், பணம் பெற்று அவையில் வாக்களித்த உறுப்பினர்களுக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பாயிற்று. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் பதவியாகத் தரப்படும் விலையை எந்த நீதிமன்றம் அளக்கும்? வாக்களித்த மறுமாதம் வாரியத் தலைவராவதும் அமைச்சராவதும் சட்டப்படி முறையான நியமனங்களே. சுபியாக்கோ மடமும் அப்படித்தான் போனது.

எனவே கழுதைக் கதையைப் பகிரும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஒரு தேர்தலின் நேர்மையை அளக்க, வேட்பாளர் நல்லவரா என்று மட்டும் கேளாதீர்கள். வென்றவரின் கையில் பகிர்ந்தளிக்க எவ்வளவு இருக்கிறது? வாக்கு யார் கண்ணுக்குத் தெரிகிறது? வாக்குறுதி மீறப்பட்டால் முறையிட ஒரு நடுவர் உண்டா? இம்மூன்றையும் கேளுங்கள். 1492-இன் ரோமில் இம்மூன்றுக்கும் கிடைத்த விடைகள் மோசமானவை. அதனால் போர்ஜா இல்லாவிடினும் அங்கே வேறொரு போர்ஜா வந்திருப்பார். அவ்விடைகளில் ஒன்றைத் திருத்த, 1492-க்குப் பின்னும் நூற்று இருபத்தொன்பது ஆண்டுகளும் ஒரு மடித்த தாளும் தேவைப்பட்டன. ஏனைய இரண்டும் அங்கும் முழுமையாகத் திருத்தப்படவில்லை, இங்கும் இல்லை.

மாற்றுக் கருத்துடையோர் பின்னூட்டத்தில் எழுதுங்கள். குறிப்பாக, மாநிலங்களவையின் வெளிப்படை வாக்கு ஊழலைக் குறைத்திருக்கிறது என்று கருதுவோரின் வாதங்களை அறிய விரும்புகிறேன்.